முதலில் எதை மாற்றுவது?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கே திரும்பி வந்துவிட்டான். வந்த மூன்றாம் வாரம் அரிமளத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. 1990களில் செய்த மஹிந்திரா டீசல் ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. பச்சை பெயின்ட் வெளிறிப்போய் இருந்தது. கதவுக்குப் பதிலாகத் தார்ப்பாய். இறங்கியவன் கையில் ஒரு காகிதம் வைத்திருந்தான்.

"மாமா, வண்டி வாங்கியாச்சு. எம்பதாயிரம் மிச்சம் இருக்கு. எத மொதல்ல பண்றதுன்னு சொல்லுங்க."

காகிதத்தில் எட்டு ஐட்டம். வண்டியை நான்கு அங்குலம் தூக்குவது, பெரிய பட்டன் டயர், முன்பக்கம் இரும்பு பம்பர், அதில் மோட்டார் விஞ்ச், கூரைமேல் விளக்குப் பட்டை, தண்ணீரில் போக ஸ்நார்க்கல், பக்கவாட்டு ஏணி, பின்னால் இரண்டு டீசல் கேன். கூட்டிப் பார்த்தால் மூன்று லட்சத்தைத் தாண்டும். அதில் எந்த எண்பதாயிரம் முதலில் என்பதுதான் கேள்வி.

அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை நான் தவறாகப் பதில் எழுதியவன். அது அவனுக்குத் தெரியாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன், இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பாதை இல்லாத இடத்தில் சக்கரத்தை ஓட்டிப்போக நினைத்த ஒவ்வொருவனும், கையில் இருக்கும் கொஞ்சக் காசை வைத்துக்கொண்டு, இதைக் கேட்டிருக்கிறான்.

*

தமிழில் இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதில் புறநானூற்றில் இருக்கிறது. 102ஆம் பாட்டு. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடியது. அதில் உப்பு விற்கும் உமணர்கள் வருகிறார்கள். மாடுகள் இளசு, நுகம் பழகாதவை. வண்டியில் பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பொகுட்டெழினி அப்படிப்பட்டவன் என்பது பாட்டு. நமக்கு இங்கே வேண்டியது அந்த அச்சு.

உமணன் வண்டியை உயரமாக்கவில்லை, சக்கரத்தைப் பெரிதாக்கவில்லை. முறிந்தால் அங்கேயே சாகடிக்கக்கூடிய பாகம் எது என்று யோசித்தான், அதற்கு மாற்று வைத்தான். வண்டிக்காரன் செலவு செய்ய வேண்டிய வரிசை இந்த ஒரு செயலில் இருக்கிறது: முதலில் திரும்பி வரும் வழி, பிறகுதான் முன்னேறிப் போகும் வழி.

எங்கள் பக்கத்து மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். திருமயம் தாண்டி அரிமளம் வரும் வழியில் மண் சிவப்பு. செம்புறாங்கல் பூமி. கோடையில் அது தார்ச்சாலையைவிடக் கெட்டி. சாதாரணக் காரே ஓடும். தைலமரக் காட்டுக்குள் போனால் இடையிடையே பொடிமணல். கண்மாய்க்குள்ளும் அதன் உள்வாயிலும் கரம்பை. ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தக் கரம்பையில் கால் வைத்தால் செருப்பு வராது. ஆக ஐந்து கிலோமீட்டருக்குள் மூன்று மண். ஒன்றுக்கு ஏற்ற டயர் இன்னொன்றுக்கு ஆகாது. கரம்பையில் மாட்டுவண்டி புதைந்தால் என் தாத்தா காலத்தில் வைக்கோலும் பனைமட்டையும் வெட்டிப் போட்டு, ஆளாளுக்கு ஆரக்காலில் கைகொடுத்துத் தூக்குவார்கள். சக்கரத்துக்கு அடியில் கெட்டியாக ஏதாவது கொடு, பாரத்தைக் குறை, ஆள் சேர். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

*

இதே தொழில்நுட்பத்தை ஒரு ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் எகிப்தில் மறுபடி கண்டுபிடித்தார். ரால்ஃப் பாக்னால்ட். 1920களின் பிற்பகுதியில் கெய்ரோவில் பணியாற்றியபோது, விடுமுறை நாட்களில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போனவர். அரசாங்கக் காசு இல்லை. சொந்தச் சம்பளம். நான்கு சக்கர இழுவை வண்டியும் இல்லை. மாடல் டி, பிறகு மாடல் ஏ. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரணக் கார்கள்.

அவர் முதலில் செய்த காரியம் எதையும் சேர்க்காதது. கழற்றினார். பாரம் குறைய, காரின் மேல்கூண்டிலிருந்து தேவையில்லாததெல்லாம் போயிற்று. அடுத்தது டயரில் காற்றைக் குறைத்தது. மணலில் அகலமாகப் பரவிய டயர் புதையாமல் மிதக்கும் என்று கண்டார். மூன்றாவது தண்ணீர். ரேடியேட்டர் கொதித்து ஆவி வீணாகப் போவதைப் பார்த்து, மேலிருந்து ஒரு குழாயை இழுத்துத் தண்ணீர் உள்ள தகரக் கேனுக்குள் விட்டார். ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகிவிடும். இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு வீணில்லை. நான்காவது, கெய்ரோவில் பழைய இரும்புக் கடையில் கிடந்த எஃகுத் தகடுகள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்தவை. அவற்றைச் சக்கரத்துக்கு அடியில் போட்டு ஏறி வந்தார். எங்கள் தாத்தாவின் பனைமட்டை, இரும்பில்.

கழற்றியதற்குச் செலவே இல்லை. காற்றைக் குறைத்ததற்கும் இல்லை. குழாயும் கேனும் அற்பம். தகடு பழைய இரும்பு விலை. ஐரோப்பியர் யாரும் காரில் கடந்திராத மணற்குன்றுகளை இந்த நான்கையும் வைத்துக் கடந்தார்.

1940இல் இத்தாலி போரில் இறங்கியபோது மத்தியக் கிழக்கில் பிரிட்டிஷ் படைகளின் தலைவராக இருந்தவர் வேவல், பின்னாளில் நம் வைஸ்ராயாக வந்த அதே வேவல். பாக்னால்ட் அவரிடம் போய் ஒரு சிறு படைக்கு அனுமதி வாங்கினார். நெடுந்தூரப் பாலைவனப் படை என்று பெயர் பெற்றது. பிற்பாடு அதோடு சேர்ந்து இயங்க, குதிரைப்படையிலிருந்து மோட்டாருக்கு மாறிய இந்தியச் சிப்பாய்களின் தனிப் பிரிவு ஒன்றும் வந்தது. அந்தப் படைக்கு வாங்கிய லாரிகள் ஷெவர்லே, இரண்டு சக்கர இழுவை. இடையில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்டு லாரிகள் கொடுத்துப் பார்த்தார்கள். எரிபொருளை அதிகம் குடித்தன. மீண்டும் இரண்டு சக்கர ஷெவர்லேக்கே போனார்கள். ஆயிரக்கணக்கான மைல் மணலில் எதிரிக்குப் பின்னால் ஓடிய வண்டிகள் இவை. நான்கு சக்கர இழுவை வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மண்ணைத் தொடுவது டயர்தான். கியர்பாக்ஸ் எவ்வளவு பலத்தை அனுப்பினாலும் கடைசியில் உள்ளங்கை அகல ரப்பர்தான் அதைத் தரையில் ஊன்ற வேண்டும்.

*

ஜீப்பும் அதே 1940இல் பிறந்தது. ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் குறிப்பு அனுப்பியது. நிபந்தனைகளில் கடினமானது எடை: 1,300 பவுண்டு, அதாவது 590 கிலோ. அந்த எடையில் அப்படி ஒரு வண்டியை யாராலும் செய்ய முடியவில்லை. அமெரிக்கன் பாண்டம் என்ற சிறு கம்பெனிக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்த வண்டி செப்டம்பர் 23ஆம் தேதி ராணுவச் சோதனைக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எடை கூடுதல்தான், ஆனால் ஓட்டத்தைப் பார்த்தவர்கள் எடை நிபந்தனையைத் தளர்த்தினார்கள். பின்னர் வில்லிஸ் கம்பெனியின் 60 குதிரைசக்தி இன்ஜின் வென்றது. வில்லிஸும் ஃபோர்டும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள்.

60 குதிரைசக்தி. இன்றைக்கு ஒரு சின்னக் குடும்பக் காரில் இதைவிட அதிகம். ஜீப்பின் பலம் இன்ஜினில் இல்லை. குட்டையான உடம்பு, முன்னாலும் பின்னாலும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காத அமைப்பு, குறைந்த எடை, மெதுவாக இழுக்கும் ஸ்பெஷல் கியர். இவற்றில் ஒன்றைக் கெடுத்தாலும் ஜீப் ஜீப்பாக இருக்காது. என் மருமகன் காகிதத்தில் இருந்த எட்டில் ஏழு, எடையைக் கூட்டுபவை. கனமான பம்பர், விஞ்ச், ஏணி, கேன், விளக்கு. மயிலிறகைக்கூட அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தது அரசியலுக்காக இருக்கலாம். ஜீப்புக்கும் பொருந்தும்.

சுதந்திர இந்தியாவுக்கும் ஜீப்புக்கும் உறவு ஒரு ஊழலில்தான் ஆரம்பித்தது என்பது நம்மில் பலருக்கு மறந்துபோன செய்தி. 1948. புதுக்கோட்டை சமஸ்தானம் மார்ச் 3ஆம் தேதி இந்திய ஒன்றியத்தோடு இணைந்த அதே வருடம். காஷ்மீர்ப் போருக்கு அவசரமாக ஜீப் வேண்டும். லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி, ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு 80 லட்சம் ரூபாய்க்கு, பழுது நீக்கிய பழைய ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்கியவை 155. ராணுவம் எடுத்துக்கொள்ளும் நிலையில் அவை இல்லை. பாராளுமன்றத்தில் பெரிய ரகளை. 1955இல் அரசாங்கம் விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தது. பழைய ஜீப் வாங்குகிறவன் ஒவ்வொருவனும் இந்தக் கதையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பழுது நீக்கியது என்ற சொல்லை நம்பி ஒரு அரசாங்கமே ஏமாந்திருக்கிறது.

மஹிந்திரா அண்ட் முகமது என்று 1945இல் எஃகு வியாபாரத்துக்குத் தொடங்கிய கம்பெனி, 1947இலிருந்து வில்லிஸ் ஜீப் பக்கம் திரும்பியது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகி, பின் கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. பம்பாயில் பாகங்களைப் பூட்டி ஓட்டிய வண்டிகள் தாசில்தார், பி.டி.ஓ., மலேரியா ஒழிப்பு, தேர்தல் பிரசாரம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் வந்தன. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஜீப் என்றால் இன்றும் ஒன்று சர்க்கார், அல்லது ஓட்டு.

*

தமிழ்நாட்டில் கெட்ட பாதையை வென்றவர்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், அதுவும் டயரில் போய்த்தான் முட்டுகிறது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களின் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் பஸ் விட்டபோது சாலை என்பது மாட்டுவண்டித் தடம். மாட்டின் லாட ஆணி உதிர்ந்து கிடக்கும், பஸ் டயர் பஞ்சராகும். அதற்காகவே காந்தம் கட்டிய ஒரு வண்டியை முன்னால் ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்று பழைய பஸ்காரர்கள் சொல்வார்கள். பெட்ரோல் கிடைக்காத இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கரிவாயுவில் பஸ் ஓட டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் செய்ததும், தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் போட ரீட்ரேடிங் தொழிற்சாலை வைத்ததும் அவர்தான். இருப்பதை ஓட வைப்பதற்கான மாற்றங்கள் இவை.

திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952இல் அந்தத் தொழில் ரீட்ரேடிங் ரப்பருக்கு மாறியது, 1961இல் டயருக்கு. எம்.ஆர்.எஃப். என்று உலகம் அறிந்த கம்பெனி. நம் லாரிக்காரர்களின் முதல் மாடிஃபிகேஷன் என்றைக்குமே ரீட்ரேடு டயர்தான் என்று இதிலிருந்தே தெரியும். கிராமத்திலும் அப்படியே. பழைய கார் அச்சையும் டயரையும் போட்டு மாட்டுவண்டியை டயர் வண்டி ஆக்கினார்கள். மரச்சக்கரத்தை விட்டு ரப்பருக்கு வந்ததும் அதே மாட்டுக்குப் பாரம் எளிதாயிற்று.

மலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். போடி, கம்பம் பக்கமிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளையும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளையும் பாருங்கள். கல்லும் பள்ளமுமான ஏற்றம். அவற்றில் விஞ்ச் கிடையாது, ஸ்நார்க்கல் கிடையாது. நல்ல டயர், பலப்படுத்திய பட்டை, சரியான பிரேக், பாதையை மனப்பாடமாக வைத்திருக்கும் டிரைவர். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ ஏறும் 1950களின் லேண்ட் ரோவர்களும் இதே ஜாதி. தேயிலைத் தோட்டத்துத் துரைகள் விட்டுப் போனவை. பழைய இன்ஜின் போனதும் பலவற்றில் மஹிந்திரா டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டார்கள். உதிரி கிடைக்கும், டீசல் குறைவாகக் குடிக்கும், உள்ளூர் மெக்கானிக்குக் கைவந்தது. தினமும் அந்த மலையைப் பிழைப்புக்காக ஏறுகிறவன் செய்த தேர்வு அது. காட்டுவதற்காக வாங்குகிறவனின் பட்டியலும் பிழைப்புக்காக வாங்குகிறவனின் பட்டியலும் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை.

*

இப்போது என் கதை.

2018 நவம்பர் 16. அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறித் தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக மேற்கே போனது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது கீரமங்கலம் பக்கம். தென்னந்தோப்பு ஊர். காலையில் ஒருவர் சைக்கிளிலும் நடந்தும் வந்து சொன்னார்: மச்சானுக்கு விடியற்காலையிலிருந்து நெஞ்சுவலி, போன் இல்லை, ரோடு முழுக்க மரம்.

என்னிடம் அப்போது ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி இருந்தது. ஒரு வருடம் முன்னால்தான் ஆசை ஆசையாக மாற்றியிருந்தேன். மூன்று அங்குலம் தூக்கியது, இரும்பு பம்பர், எட்டு விளக்கு, கூரைக் கேரியர். பார்க்கிறவர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். டயரை மட்டும் மாற்றவில்லை. காசு தீர்ந்துவிட்டது. தார்ச்சாலை டயர், பாதிக்கு மேல் தேய்ந்தது. அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்து, மச்சானைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பினோம். அக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். மெயின் ரோடு அடைபட்டிருந்ததால் ஒரு கண்மாய்க் கரையை ஒட்டிய தடத்தில் இறக்கினேன். முப்பது அடி போயிருப்பேன். முன்சக்கரம் இரண்டும் கரம்பையில் இறங்கின. பம்பர் கனம் முன்னால் அழுத்துகிறது, வழுக்கை டயர் சுற்றுகிறது, மண் டயரோடு அப்பிக்கொண்டு வருகிறது. ஸ்பெஷல் கியர் போட்டேன். இன்னும் ஆழமாகத் தோண்டியதுதான் மிச்சம்.

தோப்பில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கயிறு கேட்டார்கள். என்னிடம் இல்லை. யாரோ தாம்புக்கயிறு கொண்டுவந்தார்கள். எங்கே கட்டுவது? கொக்கி இல்லை. பம்பரில் கட்டி ஒரு டிராக்டர் இழுத்தது. பம்பர் கழன்று வந்தது. அது இரண்டு சின்ன பிராக்கெட்டில்தான் நின்றிருக்கிறது. முப்பத்தைந்தாயிரம் கொடுத்த பம்பர் சேற்றில் கிடந்தது. வண்டி நகரவில்லை. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து பக்கத்து ஊரிலிருந்து ஒரு பழைய ஜீப் வந்தது. செங்கல் சூளைக்காரருடையது. கூரை கிடையாது. பின்னால் ஒரு இரும்புச் சங்கிலி, இரண்டு அரிவாள், ஒரு கோடாரி, மண்வெட்டி, ஐந்து ஆட்கள். மச்சானைத் தூக்கி அதில் மாற்றினார்கள். அந்த மனிதர் தடத்தில் இறங்குவதற்கு முன் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் குச்சியால் வால்வை அழுத்திக் காற்று இறக்கினார். "வெறும் ஊதுன டயரு வெண்ணெய்ல வச்ச கத்தி மாதிரிங்க, கீழயே போயிரும்" என்றார். பிறகு மெதுவாக, ஒரே சீராக, கரையைக் கடந்து போய்விட்டார். வழியில் விழுந்த மரங்களை வெட்டியும் சங்கிலியில் இழுத்தும் சாயங்காலம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மச்சான் பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள்.

சிங்கப்பூரில் இருந்த மகனுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தகவல் போனது. அந்த மூன்று நாள் அவன் மனதில் போட்ட கணக்குதான் இந்த ஜீப். எங்கே மரம் விழுந்தாலும் எங்கே தண்ணீர் நின்றாலும் அப்பாவை ஏற்றிக்கொண்டு வெளியே வரவேண்டும். என் வண்டி மாட்டிக்கொண்டதை அக்கா அவனிடம் சொல்லவே இல்லை.

*

நான் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை என்னிடம் நீட்டினான்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆளும் சாமானும் சேர்த்து வண்டி 1,600 கிலோ என்றால் ஒரு டயருக்கு 400 கிலோ. டயரில் 30 பவுண்டு காற்று என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ அழுத்தம். அப்படியானால் 400 கிலோவைத் தாங்க டயர் தரையில் ஏறக்குறைய 190 சதுர சென்டிமீட்டர் பதிய வேண்டும். உள்ளங்கையும் விரலும் சேர்ந்த அளவு. காற்றை 15 ஆக்கினால் பதிவு 380 ஆகும். டயரின் பக்கச்சுவர் விறைப்பால் நடைமுறையில் அவ்வளவு சரியாக இருக்காது. ஆனாலும் மண்ணின்மேல் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகும். பாக்னால்டும் சூளைக்காரரும் செய்தது இதுதான். திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் டயர் சூடேறிப் பிய்ந்துவிடும். ஆகவே காற்றை இறக்குவது இலவசம், ஏற்றுவதற்குத்தான் ஒரு சின்ன கம்ப்ரெஸர் வேண்டும்.

பிறகு வெள்ளைப் பக்கத்தில் எழுதினோம்.

பிரேக், ஸ்டீயரிங் மூட்டு, ஹப் பேரிங், பட்டை புஷ், எல்லா ஆயிலும்: 18,000. இது மாடிஃபிகேஷனே இல்லை என்றான். 155 ஜீப் கதையைச் சொன்னேன். கம்பெனி சொன்ன அதே அளவில், மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான நான்கு டயர்: 34,000. ஏன் பெரிய டயர் வேண்டாம்? சக்கரம் பெரிதானால் கியரின் இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், அச்சுக்கும் பாரம். பிறகு அதைச் சரிசெய்யத் தனிச் செலவு. சேஸிஸில் நேராகப் போல்ட் போட்ட இழுவைக் கொக்கி, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று: 3,000. எடை தாங்கும் அளவு அச்சிட்ட இழுவைப் பட்டை: 4,000. இரண்டு ஷேக்கிள்: 2,000. கம்ப்ரெஸர் 3,500. பிரஷர் கேஜ் 500. முன் பின் அச்சின் மூச்சுக்குழாயை மேலே இழுத்துக் கட்ட ரப்பர் ஹோஸ்: 600. சூடான அச்சு தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கி, மூச்சுத் துவாரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி ஆயிலைக் கெடுத்துவிடும். ஸ்நார்க்கலுக்கு முன்னால் செய்ய வேண்டியது இந்த அறுநூறு ரூபாய் வேலை. மண்வெட்டி, கோடாரி, அரிவாள்: 1,400.

கூட்டினால் 67,000. மீதி 13,000.

"அதுல வெளக்காவது போடலாமா மாமா?"

"டீசலுக்கு வச்சுக்க. நாலு மண்ணுலயும் ஓட்டிப் பழகு. மாட்டிக்க, வெளிய வா. ஒரு மழைக்காலம் முடியட்டும். வண்டிக்கு என்ன வேணும்னு அப்பறம் வண்டியே சொல்லும்."

சட்டத்தையும் சொன்னேன். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இந்த இரும்பு பம்பர்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவன்மேல் மோதினால் அவனுக்கு ஆபத்து. மோதலை வாங்கி மடங்க வேண்டிய முன்பகுதி மடங்காததால் உள்ளே இருப்பவனுக்கும் ஆபத்து. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை என்று இருக்கிறது. வெள்ளைப் பக்கத்துப் பட்டியலில் வண்டியின் அமைப்பை மாற்றுவது ஒன்றும் இல்லை. உமணன் பட்டியலிலும் இருந்திருக்காது.

*

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கண்மாய் உள்வாய்க்குக் கொண்டுபோனோம். வேண்டுமென்றே. மச்சானும் வந்தார், முன்சீட்டில். முதல் தடவை 30 பவுண்டு காற்றோடு இறங்கினான். பத்தடியில் நின்றுவிட்டது. இறங்கி, குச்சியால் வால்வை அழுத்தி, கேஜ் வைத்துப் பார்த்துப் பார்த்து 16க்குக் கொண்டுவந்தான். சக்கரத்துக்கு முன்னால் மண்ணை ஒதுக்கிப் பனைமட்டை போட்டோம். மறுபடி ஏறி, இரண்டாவது கியரில் மெதுவாக விட்டான். ஜீப் ஒரு குலுங்கு குலுங்கி, ஏறி, நகர்ந்து, கரைக்குப் போய் நின்றது.

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். "அன்னிக்கி இத நீ பண்ணியிருக்கலாம்லப்பா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஆறு வருடமாக அவர் மனதில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"தெரியல மச்சான்" என்றேன்.

மருமகன் கம்ப்ரெஸரை பேட்டரியில் மாட்டி, ஒவ்வொரு டயராகக் காற்று ஏற்ற ஆரம்பித்தான். நான்கு டயருக்கும் அரை மணி நேரம் ஆயிற்று. நாங்கள் இருவரும் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.